தங்கவயல்: தோண்டியவர்கள் நடந்த தடம்

கோலார் தங்கவயலைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மைக்கேல் லவேலில் இருந்துதான் தொடங்குகிறார்கள். நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு பெங்களூரில் வந்து ஓய்வாக உட்கார்ந்த ஐரிஷ் சிப்பாய் அவர். 1873இல் மைசூர் அரசிடம் தோண்டிப் பார்க்க அனுமதி கேட்டார் என்று கதை போகும். அடுத்து 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வரும். கார்ன்வாலில் இருந்து வந்த கேப்டன்கள், கிளப், கோல்ஃப் மைதானம், 'குட்டி இங்கிலாந்து' எல்லாம் வரும். கடைசியில் ஒரே ஒரு வரி: தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளமாக வேலை செய்தார்கள்.

அந்த ஒரு வரிக்குள்தான் என் தாத்தா இருக்கிறார். வடஆற்காட்டுச் சேரி ஒன்றில் இருந்து இருபது வயதில் போனவர். திரும்பி வந்தபோது இருமலோடு வந்தார். நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனார். எங்கள் வீட்டில் அவருடைய போட்டோ கிடையாது. பித்தளையில் வட்டமாக ஒரு டோக்கன் மட்டும் இருக்கிறது. அதில் ஒரு நம்பர். பெயர் இல்லை.

அந்த டோக்கனை மடியில் கட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கவயலுக்குப் போனேன். உரிகத்தில் ரயிலை விட்டு இறங்கி, சாம்பியன் ரீஃப் வழியாக மாரிக்குப்பம் வரை நடப்பது என்று திட்டம். ஷிப்டுக்குப் போனவர்களும் வந்தவர்களும் நூறு வருஷத்துக்கு மேல் மிதித்த தடம் அது. நேராக நடந்தால் காலைப் பொழுதிலேயே முடிந்துவிடும். எனக்குக் காலை ஏழு மணியில் இருந்து பொழுது சாய்கிற வரை ஆயிற்று. கூட வந்தவர் அப்படி. முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கியவர். 2001இல் மூடியபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். 'பேரெல்லாம் போடாத தம்பி, பெரியவர்னு போட்டா போதும்' என்றார். அப்படியே போடுகிறேன்.

*

நம் மக்கள் ஏன் இங்கே வந்தார்கள்? தங்கத்தின் மீது ஆசைப்பட்டா? 1876இல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் வாட்டிய தாதுவருஷப் பஞ்சத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டும். நிலம் இல்லாதவன், ஆண்டை வீட்டுப் படியாள், பஞ்சத்தில் முதலில் செத்தான். சாகாமல் மிஞ்சியவன் நடந்தான். சிலர் கப்பல் ஏறிப் போனார்கள். வடஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்துச் சேரிகளில் இருந்து பலர் மேற்கே மலை ஏறி இங்கே வந்தார்கள். பாலாற்றைக் கரையில் வைத்துக்கொண்டு பிறந்தவர்கள் அந்த ஆறு வருகிற திசையிலேயே மேலே போனார்கள் என்றும் சொல்லலாம். பேத்தமங்கலத்தில் அந்தப் பாலாற்றுத் தண்ணீரைத் தேக்கித்தான் தங்கவயலுக்குக் குழாய் போட்டார்கள். ஊரில் சேரிக்காரனுக்குப் பொதுக்கிணறு கிடையாது. இங்கே குழாயில் அதே ஆற்றுத் தண்ணீர். இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

1891இல் ஏழாயிரம் பேர் இருந்த இடத்தில் 1901 கணக்கெடுப்பில் 38 ஆயிரத்துக்கு மேல் ஜனங்கள். 1894இல் ரயில் பாதை போட்டார்கள். பத்து வருஷத்தில் ஒரு நகரமே முளைத்தது என்றால் அதைத் தோண்டி, சுமந்து, கட்டியது யார் கைகள் என்று கேட்க வேண்டாமா?

ஆனால் நம் உறவு 1880இல் தொடங்கியதும் இல்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். லவேலுக்கு எழுபது வருஷம் முன்னால், 1802இல், ஜான் வாரன் என்ற ஆங்கிலப் படை லெப்டினன்ட் நில அளவைக்காக இந்தப் பக்கம் வந்தார். உரிகத்திலும் மாரிக்குப்பத்திலும் ஜனங்கள் தங்கம் எடுப்பதைக் கண்ணால் பார்த்து எழுதி வைத்தார். குழிக்குள் இறங்கித் தோண்டியவர்கள் பறையர்கள் என்றே அவர் குறிப்பு சொல்கிறது. குழிக்குள் வரிசையாக நின்று கல்லைக் கூடையில் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். பெண்கள் அதைப் பாறை மேல் போட்டு இடித்துப் பொடியாக்கி, தண்ணீரில் அலசித் தங்கத்தைப் பிரித்தார்கள். வேலைப் பிரிவினை, தொழில்நுட்பம், பூமியைப் பற்றிய அறிவு எல்லாம் அதில் இருக்கிறது. பின்னால் வந்த கம்பெனிகள் போட்ட பணமெல்லாம் கரைந்து கைவிடும் நிலைக்குப் போனபோது, அவர்களைக் காப்பாற்றிய சாம்பியன் ரீஃப் எனும் தங்கப்படிவம் எங்கே கிடைத்தது? 1880களின் நடுவில், இந்தப் பழைய குழிகளுக்கு அடியில்தான் கிடைத்தது. நம் முன்னோர் தோண்டி நிறுத்திய இடத்தில் இருந்து வெள்ளைக்காரன் தோண்டினான். அவனைக் 'கண்டுபிடித்தவன்' என்கிறார்கள். நம்மைக் 'கூலி' என்கிறார்கள். இதைப் பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். 'இத்த யாரும் எங்களுக்குச் சொல்லலியே தம்பி' என்றார்.

*

உரிகத்தில் இருந்து போகிற வழியில் மேட்டில் பங்களாக்கள் இருக்கின்றன. சாய்வான ஓட்டுக்கூரை, சுற்றித் தாழ்வாரம், தோட்டம். பாதி இடிந்து கிடக்கிறது. அதற்குக் கீழே லைன் வீடுகள். ஆரம்பத்தில் மூங்கில் தட்டியில் மண் பூசிய குடிசைகள்தான். ஒரே அறை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். பங்களாவில் வெள்ளைக்காரன், நடுவில் ஆங்கிலோ இந்தியன், லைனில் நாம். ஊரில் இருந்த மேடு பள்ளத்தை இங்கே வேறு மாதிரி கட்டினார்கள். ஊரில் ஊர்த்தெரு, சேரி. இங்கே பங்களா, லைன்.

காவிரியில் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902இல் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது அதற்கப்புறம் 1905இல்தான். இதை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். லைன் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன்.

'மைனுக்கு வந்துச்சுப்பா கரெண்டு. எங்களுக்கா வந்துச்சு? நான் கண்ணாலம் கட்டி வந்தப்போ கூட எங்க ஊட்ல சிம்னி வௌக்குதான். எங்க மாமனாரு ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வருவாரு. உள்ளயும் இருட்டு, வெளியவும் இருட்டு.'

வரலாற்றுப் புத்தகத்தில் மின்சாரத்துக்கு ஒரு வருஷம் இருக்கிறது. பாட்டியின் சிம்னி விளக்குக்கு வருஷம் இல்லை.

*

சாம்பியன் ரீஃப் வந்ததும் பெரியவரின் நடை மாறியது. வேகம் கூடியது. வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள். தூரத்தில் கிஃபோர்டு ஷாப்டின் இரும்புத் தூண் நிற்கிறது. வேலியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

'கேஜுல ஏத்தி வுடுவாங்க. மாடு மாதிரி நெருக்கிகினு நிப்போம். சர்ருனு எறங்கும். காது அடைச்சிக்கும். ஒரு கேஜு போயி, நடந்து, இன்னொரு கேஜு புடிச்சி, அப்புறம் இன்னொண்ணு. கீழ போய்ச் சேந்தா சட்டை போட முடியாது. பாறையைத் தொட்டா கை சுடும். மேல ஏறி வந்தா மார்கழிப் பனி. அதுலயே பாதிப் பேருக்கு நெஞ்சு போயிடும்.'

அவர் மிகைப்படுத்தவில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டருக்கு மேல் ஆழம். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரியைத் தொடும். குளிர்ந்த காற்றை உள்ளே தள்ளினால்தான் மனிதன் நிற்கவே முடியும். மேலே இருக்கிற பூமியின் பாரம் அத்தனையும் அழுத்துவதால் பாறை சில நேரம் வெடிகுண்டு போல வெடிக்கும். 'ஏர் பிளாஸ்ட்' என்று இங்கே சொல்வார்கள். லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஷாப்டைப் பார்த்து ஓடுவார்கள். கேஜ் மேலே வருகிற வரை யார் புருஷன், யார் பிள்ளை என்று தெரியாது.

1965இல் இதே சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில், விஞ்ஞானிகள் கருவி வைத்து, வானத்துக் கதிர்களால் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பதிவு செய்தார்கள். உலகத்திலேயே முதல் பதிவுகளில் ஒன்று. இந்தியாவுக்குப் பெருமைதான். அவ்வளவு ஆழத்துக்கு ஒரு வழி இருந்ததே, அது நம் மக்கள் கையால் உடைத்த வழி. அந்தக் கருவிகளும் இந்தக் கேஜில் இறங்கியவைதான்.

ஆனால் தொழிலாளியின் நெஞ்சுக்குள் இருந்த தூசியைப் பார்க்க எத்தனை காலம் பிடித்தது? பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக்கி, மூச்சை அடைக்கும். சிலிகோசிஸ் என்பது அதன் பெயர். இந்தியாவில் இந்த நோய் மருத்துவ ஏட்டில் முதன்முதலில் பதிவானதே கோலார் தங்கவயலில்தான். 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்ததில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் அது இருந்தது. சுரங்கம் ஓடத் தொடங்கி அறுபது வருஷம் கழித்து! அதுவரை செத்தவர்கள் எல்லாம் எதனால் செத்தார்கள் என்று எழுதினார்கள்? எங்கள் ஊரில் என் தாத்தாவுக்கு வந்தது காசம் என்றார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று தட்டைத் தனியாக வைத்தார்களாம். அம்மா சொல்வாள். சாதிக்காகத் தனித்தட்டு வைக்கப்பட்ட மனுஷனுக்குச் சொந்த வீட்டிலும் தனித்தட்டு. அது தூசியாகவே இருந்திருந்தால், யாருக்கும் ஒட்டியிருக்காது.

*

மத்தியானம் ஒரு வீட்டில் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டோம். சாம்பியன் ரீஃப் என்றால் பலருக்குச் சுரங்கம். எனக்கு அது அச்சுக்கூடம். படிக்கிற காலத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைக்கூட எந்த ஆசிரியரும் எனக்குச் சொன்னது இல்லை. தமிழ் எம்.ஏ. முடித்து வெளியே வந்த பிறகுதான், ஒரு பழைய புத்தகத்தின் அட்டையில் சித்தார்த்தா புத்தகசாலை, சாம்பியன் ரீஃப்ஸ், கோலார் தங்கவயல் என்று பார்த்தேன். சுரங்கத் தொழிலாளி இருக்கிற இடத்தில் தமிழ்ப் புத்தகசாலையா என்று அன்றைக்கு ஆச்சரியப்பட்டேன். அந்த ஆச்சரியத்துக்காக இன்றைக்கு வெட்கப்படுகிறேன். நம்மைப் பற்றி மற்றவர்கள் நினைப்பதையே நானும் நினைத்திருக்கிறேன்.

பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் 'தமிழன்' பத்திரிகையைக் காலணா விலையில் கொண்டுவந்தார். மாரிக்குப்பத்தில் சங்கத்தின் கிளை எழுந்தது. எம்.ஒய். முருகேசர் போன்றவர்கள் அதை நடத்தினார்கள். பண்டிதர் 1914இல் மறைந்தார். சென்னையில் நின்றுபோன 'தமிழன்' 1926இல் தங்கவயலில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மறுபடி உயிர் பெற்று 1930களிலும் வந்தது. பண்டிதரின் நூல்களைத் திரும்ப அச்சிட்டுக் காப்பாற்றியவர்களும் இவர்கள்தான். 1990களின் முடிவில் அயோத்திதாசர் தொகுதிகள் வெளிவந்து பல்கலைக்கழகங்கள் கண்விழித்தபோது, அந்தப் பழைய தாள்கள் எங்கே இருந்தன? பெரிய நூலகங்களை விட, இப்படிப்பட்ட எளிய மனிதர்களின் டிரங்குப் பெட்டிகளில் இருந்தவைதான் கைகொடுத்தன. பூமிக்கு அடியில் எட்டு மணி நேரம் கல் உடைத்தவன் சம்பளத்தில் காசு எடுத்து வைத்து அச்சுக்கூடத்தைத் தாங்கினான். இதைத் தமிழ் அச்சு வரலாற்றில் எங்கே வைப்பது என்று தமிழ்த்துறைகள் சொல்லட்டும்.

இந்தப் படிப்பையும் 1930ஆம் வருஷத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த ஏப்ரலில் கம்பெனிகள் தொழிலாளர்கள் எல்லோரையும் கைரேகை வைத்துப் பதிவு செய்ய முற்பட்டன. யாருக்குக் கைரேகை எடுப்பார்கள்? திருடனுக்கு. குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவனுக்கு. ஏற்கெனவே ஷிப்டு முடிந்து வரும்போது வாயைத் திறக்கச் சொல்லி, முடியை அவிழ்க்கச் சொல்லிச் சோதனை. இதற்கு மேல் ரேகையுமா? ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். மூன்று வாரம் சுரங்கங்கள் நின்றன. முறையான தொழிற்சங்கம் இல்லாத காலம் அது. கூலி உயர்வுக்காக மட்டுமே தொழிலாளி போராடுவான் என்று எழுதுகிற தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வேலைநிறுத்தம் மானத்துக்காகத் தொடங்கியது.

1946இல் மறுபடியும் போராட்டம். நவம்பர் 4ஆம் நாள் போலீஸ் சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் செத்தார்கள். செங்கொடித் தோழர்கள் அவர்களுக்கு நினைவு நாள் அனுசரிக்கிறார்கள். நம் இயக்கங்களும் அதை அனுசரிக்க வேண்டும். செங்கொடி பிடித்தவன், புத்த சங்கத்தில் உட்கார்ந்தவன், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியவன் எல்லோரும் ஒரே லைனில்தான் குடியிருந்தார்கள்.

*

மத்தியானத்துக்கு மேல் சயனைடு மேட்டுக்கு வந்தோம். பாறையைப் பொடியாக்கி, சயனைடில் தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சிய கழிவு மண் இது. 13 மேடுகள். மூன்று கோடி டன்னுக்கு மேல். மழைநீர் வரி வரியாக அறுத்துப் போட்டிருக்கிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் அழகுதான். அங்கே பெங்களூரில் இருந்து நடைப்பயணம் வந்த இருபது இளைஞர்கள் தொப்பி போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டி வந்தவர் லவேல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு 2018இல் வந்த சினிமாவைப் பற்றிப் பேச்சு போனது. ஒரு பெண் பெரியவரைப் பார்த்து, 'நீங்க இந்த ஊரா அங்கிள்?' என்று கேட்டாள்.

'ஆமாம்மா. மைன்ல இருந்தேன்.'

கூட்டம் அப்படியே இவர் பக்கம் திரும்பிவிட்டது. அரைமணி நேரம் பேசினார். அந்தப் பிள்ளைகள் ஒழுங்காகக் கேட்டார்கள். நான் அவர்கள் மேல் கோபப்பட நினைத்திருந்தேன், முடியவில்லை. நாம் எழுதாத வரலாற்றை அவர்கள் எப்படிப் படிப்பார்கள்? 2024இல் 'தங்கலான்' படம் வந்த பிறகுதான், தோண்டியவன் யார் என்ற பேச்சாவது பொதுவில் எழுந்தது. சினிமாக்காரர் ஒருவர் செய்ததை நம் ஆய்வாளர்கள் எப்போதோ செய்திருக்க வேண்டும்.

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் கைக்கும், 1962இல் மத்திய அரசின் கைக்கும் வந்தன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆயின. 120 வருஷத்தில் 800 டன் அளவுக்குத் தங்கம் எடுத்த பூமி அது. ஆரம்பத்தில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த இடமும் உண்டு. கடைசியில் மூன்று, நான்கு கிராம். ஆழம் கூடக் கூடச் செலவு கூடியது. நஷ்டம் என்றார்கள். 2001 பிப்ரவரி கடைசியோடு மூடினார்கள். அதற்கப்புறம் விடியக்காலை இருட்டில் பெங்களூர் ரயில்தான் ஷிப்டு. நூறு கிலோமீட்டர் போய், கட்டட வேலை, செக்யூரிட்டி வேலை, கம்பெனி வேலை பார்த்துவிட்டு இரவு திரும்புகிறார்கள். தாத்தா கேஜில் நெருக்கிக்கொண்டு நின்றான். பேரன் ரயில் பெட்டியில் நெருக்கிக்கொண்டு நிற்கிறான். 2011இல் இந்த நகரத்தில் மலம் அள்ளும் கொடுமை இன்னும் இருப்பது வெளியே தெரிந்தது. தங்கம் அள்ளிக் கொடுத்தவன் வாரிசுக்கு நாடு கொடுத்த வேலை இது.

காற்று அடித்தால் இந்த மேட்டு மண் லைன் வீடுகளுக்குள் வருகிறது. சோற்றில் விழுகிறது. சுரங்கம் மூடியும் தூசி மூடவில்லை. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இந்த 13 மேடுகளில் இருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நல்லது. எடுக்கட்டும். ஆனால் கேள்விகள் இருக்கின்றன. மேட்டைக் கிளறும்போது பறக்கிற தூசிக்கு யார் பொறுப்பு? வேலை யாருக்கு? இந்த மண் ஒவ்வொரு கூடையும் நம் ஆள் மூச்சைக் கொடுத்து மேலே கொண்டுவந்தது. அதில் இன்னும் தங்கம் இருக்கிறது என்றால், அதில் தங்கவயல் மக்களுக்குப் பங்கு உண்டா இல்லையா? இதை இப்போதே கேட்டாக வேண்டும். டெண்டர் முடிந்த பிறகு கேட்டுப் பயன் இல்லை.

*

மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தபோதுதான் டோக்கனை எடுத்துக் காட்டினேன். பெரியவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

'வௌக்கு ரூம்ல குடுக்கிறது தம்பி இது. இதக் குடுத்தாதான் லைட்டு. ஆணியில டோக்கன் தொங்குச்சின்னா ஆள் கீழ கீறான்னு அர்த்தம். மேல வந்து லைட்டக் குடுத்துட்டு டோக்கன வாங்கிக்கணும். வேலைய வுட்டுப் போறப்போ திருப்பிக் குடுத்துடணும்.'

'அப்புறம் எப்படி தாத்தா வீட்டுக்கு எடுத்துட்டு வந்தாரு?'

சிரித்தார். 'குடுக்காம வந்துட்டாரு போல. வாய்ல, முடியில எல்லாம் தேடுனவங்க இதக் கேக்க மறந்துட்டாங்க.'

நம்பரை வைத்துப் பெயரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டேன். பழைய ரிஜிஸ்தர் இருந்தால் முடியும், எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றார். இந்த இதழைப் படிக்கும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் கடைசித் தலைமுறைக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். லைன் லைனாக உட்கார்ந்து கேளுங்கள். டிரங்குப் பெட்டிகளில் இருக்கும் 'தமிழன்' இதழ்கள், சங்க நோட்டீஸ்கள், சம்பளச் சீட்டுகள், மருத்துவச் சீட்டுகள், டோக்கன்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். ரிஜிஸ்தர்கள் எந்த அறையில் கிடக்கின்றன என்று அரசிடம் எழுதிக் கேளுங்கள். நான் எழுதிவிட்டேன். பதில் வந்ததும் இதே பக்கத்தில் தெரிவிக்கிறேன்.